யாழ் கம்பஸுக்கு வாற புது பட்ச்: றூம்மேட் சிங்களப் பிள்ளையா இருந்தால் என்ன மாதிரி?

ஒட்டுசுட்டான்_தம்பி:

வணக்கம் அண்ணையாக்கள், அக்காக்கள். எனக்கு யாழ்ப்பாணத்துக்கு பயோ சயன்ஸ் கிடைச்சிருக்கு. வீட்டில கம்பஸ் போற முதல் ஆள் நான் தான், அம்மா கோயிலுக்கு பொங்கலும் வைச்சிட்டா. ஆனா எனக்கு உள்ளுக்க பயமாத் தான் கிடக்கு. ஏஎல் முழுக்க தமிழ் மீடியம், அங்க எல்லாம் இங்கிலீஸ் எண்டு சொல்லுகினம். ஊரில சில பேர் இப்ப அங்க சிங்களப் பிள்ளையள் கன பேர், பாத்து இரு, ஒருத்தரோடயும் கதை வைச்சுக் கொள்ளாத எண்டு சொல்லுகினம், ஒரு மாமா ஹொஸ்ரல் வேண்டாம் வெளியில அறை எடு எண்டுறார். றூமில சிங்களப் பெடியன் வந்தால் என்ன செய்யிறது, எனக்கு ஒரு சொல்லும் வராது. அங்க படிச்ச ஆக்கள் உண்மையைச் சொல்லுங்கோ.

பரமேஸ்வராச்சந்தி:

தம்பி முதல்ல வாழ்த்துக்கள். மாமா சொன்னதை மரியாதையாக் கேட்டுப் போட்டு அப்பிடியே விட்டிடுங்கோ. நான் சயன்ஸ் பக்கல்ரியில படிச்சு முடிச்சு இப்ப வவுனியாவில வேலை. ஒவ்வொரு வருசமும் கட் ஓவ் வந்த உடன ஆரோ ஒராள் இதே கேள்வியைக் கேக்கும், அதால கொஞ்சம் நீட்டாவே எழுதுறன்.

இங்கிலீஸ் பயம் எல்லாருக்கும் தான். முதல் மாசம் லெக்சர் ஹோலில சேர் கதைக்கிறது பாதி விளங்காது, சிலைட்டில இருக்கிறதைப் போட்டோ எடுத்து வைச்சுக் கொண்டு இரவில டிக்சனரி பாக்கிறது தான் வேலை. உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற குருநாகல் பெடியனும் அதே தான் செய்யிறான், அவனும் ஏஎல் முழுக்க சிங்கள மீடியம், அவனுக்கும் ஒரு வசனம் முழுசா வராது. அவைக்கு எல்லாம் தெரியும், எங்களுக்குத் தான் தெரியாது எண்டு எங்கட பிள்ளையள் நினைச்சுக் கொண்டு வாய் திறக்காம இருக்குதுகள், அவையும் அப்பிடியே நினைச்சுக் கொண்டு இருக்கினம். லெக்சர் ஹோலில ஒரு பக்கம் தமிழ், மற்றப் பக்கம் சிங்களம், வட்ஸ்அப் குறூப் ரெண்டு, கன்ரீன் மேசை ரெண்டு. ஒருத்தரும் இப்பிடி இருங்கோ எண்டு சொல்லிறேல்ல, முதல் கிழமையில எங்க இருந்தமோ அங்கயே நாலு வருசமும் இருந்திடுறம்.

பிறக்டிக்கலில மட்டும் இது உடையும், ஏனெண்டால் குறூப் பிரிக்கிறது ரெஜிஸ்ரேசன் நம்பரில. எனக்கு கெமிஸ்ற்றி லாப்பில வந்த பாட்னர் மாத்தறைப் பிள்ளை. பியூரெட்டில ரீடிங் எடுக்கிறது அவ, எழுதுறது நான், நிறம் மாறின உடன ரெண்டு பேரும் ஒரே நேரம் நிப்பாட்டு எண்டு அவரவர் பாசையில கத்தினது. அப்பிடித் தான் கதை தொடங்கினது. பிறகு எக்ஸாம் வரேக்க குப்பி. படிச்ச ஒரு பிள்ளை வைட் போர்ட்டில நிண்டு மற்றவைக்கு எடுக்கிறது தான் குப்பி, எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு அது இல்லாட்டி பாதிப் பேர் பாஸ் பண்ணாயினம். வழமையா தமிழ்க் குப்பி ஒண்டு, சிங்களக் குப்பி ஒண்டு நடக்கும். எங்கட பட்சில ஓகானிக் கெமிஸ்ற்றிக்கு நல்லாச் சொல்லித் தாற ஆள் அவையின்ர பக்கம், மட்ஸுக்கு எங்கட பக்கம், அதால ரெண்டையும் ஒண்டாக்கினம். உடைஞ்ச இங்கிலீஸ், நடுவில சிங்களம், பிறகு ஆரோ தமிழில திருப்பிச் சொல்லும். அரோ போட்டு எலக்ரோன் எங்க போகுது எண்டு கீறிக் காட்ட பாசை தேவையில்லைத் தானே. என்ர இங்கிலீஸ் திருந்தினது அந்த போர்ட்டுக்கு முன்னால தான், கோர்ஸில இல்லை. நான் சொல்ல வாறது இது தான், முதல் செமெஸ்ரரிலயே மற்றப் பக்கத்தில ஒரு ஆளையாவது பிடியுங்கோ, ரெண்டாம் வருசம் வந்தால் சரியான கஷ்டம்.

நல்லூரடி:

பரமேஸ்வரா, நீங்கள் சொல்லுறது கேக்க நல்லாத் தான் இருக்கு ஆனா தம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் காட்டக் கூடாது. இந்தக் கம்பஸ் எங்கட சனம் தரப்படுத்தலால அடிபட்ட காலத்தில வந்தது. 70களின்ர தொடக்கத்தில கூட மாக்ஸ் எடுத்த எங்கட பிள்ளையள் வெளியில நிக்க வேண்டி வந்தது, அந்தக் கோபம் இன்னும் பெரிசுகளின்ர வாயில கேக்கலாம். பொங்கு தமிழ் எண்ட எழுச்சி நிகழ்வு 2001 ஜனவரியில இஞ்ச தான் தொடங்கினது. எங்கட குரல் வாற இடம் இது. இப்ப பாத்தா சில பக்கல்ரியில எங்கட பிள்ளையளைத் தேட வேண்டிக் கிடக்கு. 2016 யூலையில என்ன நடந்தது எண்டும் தம்பிக்குச் சொல்லுங்கோ. சயன்ஸ் பக்கல்ரி வரவேற்பில மேளம் நாதஸ்வரம் தான் வழமை, அதுக்குள்ள கண்டிய நடனமும் வேணும் எண்டு பிரச்சினை தொடங்கி அடிபாடு ஆகி, கம்பஸ் மூடி, சிங்களப் பிள்ளையள் பஸ்ஸில ஊருக்குப் போனவை. கூடி இருங்கோ எண்டு சொல்லுறது லேசு. நாளைக்கு, சண்டையில செத்த எங்கட சனத்துக்கு நினைவு நாள் செய்யிறதையும் றூம்மேட் மனம் நோகும் எண்டு நிப்பாட்டச் சொல்லுவியளோ?

பரமேஸ்வராச்சந்தி:

நல்லூரடி அண்ணை, உங்கட கோபத்தில நியாயம் இருக்கு, அதை நான் தள்ளேல்ல. ஆனா ஒரு விசயம் எங்கட ஆக்கள் கன பேருக்கு மறந்து போச்சு. இது 1974 ஒக்ரோபரில இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ர யாழ்ப்பாண வளாகமா தொடங்கேக்க பேராசிரியர் கைலாசபதி தான் முதல் தலைவர், இடம் சேர் பொன் இராமநாதன் 1921இல தொடங்கின பரமேஸ்வராக் கல்லூரி, சயன்ஸ் கொஞ்சக் காலம் வட்டுக்கோட்டையில நடந்தது. அப்பவே சிங்களப் பிள்ளையள் படிச்சவை, சிங்களத் துறை கூட இருந்தது. 1977 கலவரத்தோட தான் அவை போனவை. 1979இல தனிப் பல்கலைக்கழகம் ஆகேக்க அது கிட்டத்தட்ட முழுக்கத் தமிழா இருந்தது, பிறகு சண்டை, அதால எங்களுக்கு அது தான் வழமை எண்டு பட்டுப் போச்சு. 2009க்குப் பிறகு வந்தவை புதுசா வந்தவை இல்லை, விட்டுப் போன இடத்துக்கு வந்தவை எண்டு தான் நான் பாக்கிறன்.

அட்மிசனும் அப்பிடித் தான். ஆர்ட்ஸ் தவிர்ந்த பெரும்பாலான கோர்ஸுக்கு 40 வீதம் நாடு முழுக்க மெரிட், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு எண்டு யூஜிசி, அது தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பிரிக்குது. முல்லைத்தீவுப் பிள்ளை எங்கட தம்பிக்கு இண்டைக்கு இடம் கிடைக்கிறதில அந்த மாவட்டக் கோட்டாவும் இருக்கு. அதே முறையால தான் எங்கட பிள்ளையள் மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போகினம், மொனராகலைப் பிள்ளை இஞ்ச வருது. எங்கட பிள்ளை பேராதனையில தமிழில சிரிச்சுக் கதைச்சுக் கொண்டு திரிய வேணும் எண்டு நாங்கள் விரும்புறம் எல்லோ, இஞ்ச வாற பிள்ளைக்கும் அந்த உரிமை இருக்கத் தானே வேணும்.

2016 பற்றி. அந்த அடிபாடு எனக்கு இண்டைக்கும் வேதனை. எங்கட பட்ச் கொழுவலில நிண்ட பெடியள் ஆர் எண்டு பாத்தால் மற்றப் பக்கத்தில ஒருத்தரையும் பேர் சொல்லித் தெரியாத ஆக்கள் தான் கூட, ரெண்டு பக்கத்திலயும் அப்பிடித் தான். ஒரு மேடையில என்ன ஆட்டம் வேணும் எண்டு முன்னமே ஒரு மேசையில இருந்து கதைக்க ஆக்கள் இருந்திருந்தால் அது கல்லெறி வரைக்கும் போயிருக்காது. நினைவு நாள் பற்றிக் கேட்டதுக்கும் பதில் இருக்கு, கொஞ்சம் பொறுங்கோ, எழுதுறன்.

கொக்குவிலான்_ஸ்காபரோ:

உங்கட கதையை வாசிச்சுக் கொண்டு இருந்தன், ஒரு பழைய ஆளா ரெண்டு வரி. நான் 90களின்ர முதல் பாதியில ஆர்ட்ஸ் செய்தனான். 1990இல கரண்ட் போனது போனது தான். மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையில தங்க விலை, ஜாம் போத்திலுக்குள்ள கொஞ்சப் பஞ்சு போட்டு அது நனையிற அளவு எண்ணெய் விட்டு மூடியில சின்ன ஓட்டை போட்டுத் திரி எடுக்கிறது, அந்த வெளிச்சத்தில நாலு பேர் சுத்தி இருந்து ஒரு நோட்ஸை வாசிச்சனாங்கள். பாட்டுக் கேக்க வேணும் எண்டால் சைக்கிளை நிமித்தி வைச்சு ஒராள் பெடல் சுத்த டைனமோவில ரேடியோ. பொம்மர் வந்தால் பங்கருக்கு ஓடுறது, போன பிறகு வந்து லெக்சர் தொடருறது. அதுக்குள்ளயும் கம்பஸ் நடந்தது படிப்பிச்ச ஆக்களின்ர பிடிவாதத்தால.

இன்னொண்டும் சொல்ல வேணும். 1989 செப்ரெம்பர் 21 மெடிக்கல் பக்கல்ரி அனற்றமித் துறைத் தலைவி வைத்தியர் ராஜினி திராணகம பக்கல்ரியில இருந்து சைக்கிளில வீட்டை போகேக்க சுட்டுக் கொல்லப்பட்டவ. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தில இருந்து எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டவ, அவவின்ர கணவர் சிங்களவர். எங்கட காலத்தில அவவின்ர பேரை மெதுவாத் தான் சொல்லுறது. எனக்கு நல்லூரடியின்ர பயமும் விளங்குது, பரமேஸ்வரா சொல்லுறதும் விளங்குது, ஆனா இந்த வளாகத்தின்ர குரல் எண்டால் அது ஒரே குரலா ஒரு நாளும் இருக்கேல்ல. இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு வெளிச்சமும் இருக்கு, பொம்மரும் இல்லை. எங்களுக்கு எதிர்ப் பக்கத்தில ஒரு சிங்களப் பிள்ளையோட இருந்து சண்டை பிடிச்சாவது கதைக்கக் கிடைக்கேல்ல, உங்களுக்குக் கிடைச்சிருக்கு.

ஹற்றன்_மலர்:

நான் கிளிநொச்சி அறிவியல் நகர்ல அக்ரி படிச்சேங்க. தம்பி பயந்த மாதிரி நானும் பயந்தேன், ஆனா எனக்கு சிங்களவங்கள விட யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்களோட பேசுறது தான் முதல்ல கஷ்டமா இருந்துச்சு. நாங்க பேசுற தமிழக் கேட்டு சிரிப்பாங்க, நீங்க இந்தியாவா அப்படின்னு கேப்பாங்க. எங்க தாத்தா பாட்டிங்க நூறு வருசத்துக்கு மேல தேயிலை பறிச்ச இதே நாட்டுல இந்தக் கேள்விய கேக்கிறப்ப மனசு கஷ்டமா இருக்கும். அதனால ரெண்டு பாசை பிரச்சினை மட்டும் தான்னு நெனைக்காதீங்க, தமிழுக்குள்ளயும் பிள்ளைங்க தனித்தனியா தான் ஒக்காருறாங்க.

எங்கள சேத்து வெச்சது வயல் தாங்க. காலையில வெயில் ஏற முன்னுக்கு பீல்டுக்கு போயிடணும், கிளிநொச்சி வெயில் ஹற்றன்ல பொறந்த ஒடம்புக்கு தாங்காது. ஒரு குறூப்ல கோண்டாவில் பொண்ணு ஒண்ணு, அனுராதபுரத்துப் பையன் ஒருத்தன், நான். கோண்டாவில் பொண்ணுக்கு கெணத்துத் தண்ணில பாத்தி கட்டி சின்ன வெங்காயம் வைக்கிறது கை வந்த வேல, ஒவ்வொரு பாத்திக்கும் மண்ண வெட்டி தண்ணி திருப்புறத அவ கால் விரலாலயே செய்வா. அனுராதபுரத்துக்காரனுக்கு கொளத்துத் தண்ணி தெரியும், எந்த மாசம் எவ்வளவு தண்ணி வயலுக்கு விடணும்னு அவங்கப்பா கமக்காரர் சங்கத்துல பேசுறதக் கேட்டே வளந்தவன். எனக்கு சரிவுல மண் கரையாம எப்படி காத்துக்கிறதுன்னு தெரியும், தேயிலை மலையில அது தானே வேல. சேர் ஒரு நாள் மண் அரிப்பு பத்தி கேட்டப்ப நான் தான் பதில் சொன்னேன், அதுக்கப்புறம் ஒருத்தரும் என் தமிழுக்கு சிரிக்கல.

இன்னொண்ணு. மே மாசம் பிள்ளைங்க முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுப்பாங்க, அரிசியும் உப்பும் தண்ணியும் மட்டும் தான். அந்த அனுராதபுரத்துப் பையன் என்கிட்ட வந்து இது என்னன்னு கேட்டான். நான் சொன்னேன், 2009ல கடைசி மாசங்கள்ல அங்க இருந்த சனத்துக்கு இது தான் சாப்பாடு, அது கெடைக்கிற வரிசையில நின்ன ஆக்களும் செல் விழுந்து செத்தாங்கன்னு. அவன் ஒண்ணும் பேசல. கப்ப வாங்கிக் குடிச்சான், அப்புறம் அவங்க ஊர்லயும் ஆர்மிக்குப் போயி வராத அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னான். அவ்வளவு தான், பெருசா ஒண்ணும் நடக்கல, மறுநாள் வழக்கம் போல பீல்டுக்குப் போனோம். ஆனா நல்லூரடி அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இது, நிப்பாட்டத் தேவையில்ல, கேட்டா சொல்லுங்க.

வவுனியா_அம்மா:

பிள்ளை மலர், நீங்கள் எழுதினதை வாசிக்க ஆறுதலா இருக்கு. என்ர மகளுக்கு கிளிநொச்சி ரெக்னோலொஜி கிடைச்சிருக்கு. அது காட்டுப் பக்கம் எண்டு சொல்லுகினம், பிள்ளை தனிய எப்பிடிப் போய் வாறது? ராக்கிங்கும் எனக்குப் பயம். இவளுக்கு இன்னும் ரெஜிஸ்ரர் பண்ணவே இல்லை, அதுக்குள்ள தெரியாத நம்பரில இருந்து சீனியர் எண்டு கோல் வருது.

ஹற்றன்_மலர்:

அம்மா, காடு இல்லங்க, ஏ9 ரோட்டு மேலயே தான், வவுனியால இருந்து வந்தா முறிகண்டி தாண்டி கொஞ்ச தூரம். யாழ்ப்பாணம் வவுனியா பஸ் எல்லாம் அதுல தான் போகும், அறிவியல் நகர்ல ட்ரெயினும் நிக்கும், எல்லா ட்ரெயினும் இல்ல, பாத்து ஏறணும். வவுனியால இருந்துன்னா வார இறுதில வீட்டுக்கு வந்து போயிடலாம். வர்றப்ப முறிகண்டிப் புள்ளையாருக்கு தேங்கா ஒடச்சிட்டு கச்சான் வாங்கிட்டு வாங்க, ஹொஸ்ரல்ல அது அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும். வெயிலுக்கு குடை கட்டாயம்.

பரமேஸ்வராச்சந்தி:

அம்மா, அந்த கோல் விசயத்துக்கு மகள் ஒரு பதிலும் சொல்லத் தேவையில்லை. நம்பரை எழுதி வையுங்கோ, மெசேஜை அழிக்காதேங்கோ, யூஜிசியில ராக்கிங் முறைப்பாடு குடுக்க வழி இருக்கு, கம்பஸிலயும் மாணவர் ஆலோசகர்மார் இருக்கினம். 1997இல பேராதனையில எஞ்சினியரிங் படிச்ச எங்கட தமிழ்ப் பெடியன் ஒராள் ராக்கிங்கால செத்த பிறகு தான் 1998இல 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது, கடுமையான சிறைத் தண்டனை இருக்கு. ராக்கிங் இருந்தால் தான் பட்ச் ஒற்றுமை வரும் எண்டு சொல்லுறவை இப்பவும் இருக்கினம். மலர் எழுதின வயலில ஒருத்தரும் ஒருத்தருக்கும் முழங்கால் போடேல்ல, அங்க ஒற்றுமை வராமலோ போனது? சீனியர் எண்டால் பழைய பாஸ்ற் பேப்பர் தாற ஆள், போடிங் பாத்துத் தாற ஆள், அதுக்கு மேல ஒரு உரிமையும் அவைக்கு இல்லை.

நல்லூரடி:

மலர் தங்கச்சி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். நீங்கள் இந்தியாவா எண்டு கேட்ட ஆக்கள் எங்கட ஆக்கள், அது பிழை, அதில மாற்றுக் கருத்து இல்லை. கஞ்சிக் கதையும் மனதைத் தொட்டது. ஆனாலும் என்ர பயம் முழுசா போகேல்ல. 2016 ஒக்ரோபர் 20 இரவு குளப்பிட்டியில எங்கட ரெண்டு பெடியள் மோட்டச் சைக்கிளில வரேக்க பொலிஸ் சுட்டது, முதலில அதை அக்சிடென்ற் எண்டு தான் சொன்னவை. 2021 ஜனவரி 8 இரவு கம்பஸுக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை புல்டோசர் விட்டு இடிச்சது. இதெல்லாம் நடந்த இடத்தில பிள்ளையளுக்கு எச்சரிக்கையா இருங்கோ எண்டு சொல்லுறது எங்கட கடமை எல்லோ.

பரமேஸ்வராச்சந்தி:

கடமை தான் அண்ணை. ஆனா எச்சரிக்கை ஆரைப் பற்றி எண்டு பிரிச்சுச் சொல்லுவம். குளப்பிட்டியில சுட்டது பொலிஸ், பக்கத்து மேசைப் பிள்ளை இல்லை. அந்தக் கிழமை தெற்கிலயும் கம்பஸ் பிள்ளையள் வீதிக்கு இறங்கினவை. தூபி இடிச்ச இரவு கேற்றுக்கு முன்னால வந்து இருந்ததும், உண்ணாவிரதம் இருந்ததும் பிள்ளையள், 11ஆம் திகதி வடக்கு கிழக்கு முழுக்க ஹர்த்தால், அண்டைக்கு விடியவே துணைவேந்தர் வந்து கஞ்சி குடுத்து உண்ணாவிரதத்தை முடிச்சு அடிக்கல் வைச்சவர், ஏப்ரலில தூபி திரும்ப நிண்டது. உந்தக் குரலை ஒருத்தரும் விடச் சொல்லேல்ல. நான் சொல்லுறது, அந்தக் குரல் ஏன் வருது எண்டு மாத்தறைப் பிள்ளைக்கு விளங்கப் படுத்தக் கூடிய ஒரே ஆள் அதே பட்சில இருக்கிற எங்கட பிள்ளை தான். நியூஸில அவைக்கு அது வேற மாதிரித் தான் போகுது. அவையும் எங்களுக்குச் சொல்ல வைச்சிருக்கிற கதை இருக்கு, அதையும் கேக்க வேணும், கேட்டால் எங்கட கதை குறைஞ்சு போகாது.

என்ர லாப் பாட்னர் முதல் வருசம் நல்லூர்த் தேருக்கு சாறி கட்டி வந்து சனத்துக்குள்ள துலைஞ்சு போய் நாங்கள் ஒரு மணித்தியாலம் தேடினது. அடுத்த வெசாக்குக்கு நாங்கள் ஹொஸ்ரலில மூங்கில் சீவி வெளிச்சக் கூடு கட்ட உதவிக்குப் போனனாங்கள், ஈர்க்கில் பட்டம் கட்டிப் பழகின கை எண்டபடியால எங்கட பெடியளின்ர கூடு தான் கோணாமல் நிண்டது. வாணி விழாவுக்கு அவல் கடலை பங்கு போடுறதும் அவை தான்.

ஒட்டுசுட்டான்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், மலர் அக்கா எழுதினதில அவ அழுதிட்டா. கஞ்சி வரிசையில எங்கட பெரியப்பாவும் நிண்டவர். நான் ஹொஸ்ரலுக்கே போடுறன். இன்னும் ரெண்டு கேள்வி மட்டும், ஹொஸ்ரல் கிடைக்காட்டி எந்தப் பக்கம் அறை பாக்கிறது, மகாபொல உதவிப் பணம் எப்ப வரும்?

பரமேஸ்வராச்சந்தி:

கொக்குவில், கோண்டாவில், கலட்டிப் பக்கம் பாருங்கோ, வீட்டுக்காரர் கேற் பூட்டுற நேரத்தை முதலே கேளுங்கோ, லைப்ரறியால வரப் பிந்தினால் கரைச்சல். சைக்கிள் ஒண்டை பஸ்ஸில ஏத்தி எண்டாலும் கொண்டு வாங்கோ. மகாபொல மாசம் 5000 ரூபாவா இருந்ததை 2025 பட்ஜெட்டில 7500 ஆக்கினவை, ஆனா பேர் வந்து பாங்கில விழ மாசங்கள் எடுக்கும், முதல் செமெஸ்ரருக்கு வீட்டுக் காசு தான் எண்டு கணக்குப் போடுங்கோ. பயோவுக்கு லாப் கோட் ரெண்டு தையுங்கோ, கம்பஸுக்குப் பக்கத்தில இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட மலிவாத் தைப்பினம். றூம்மேட் ஆர் எண்டு தெரிஞ்ச உடன இஞ்ச வந்து எழுதுங்கோ.